செங்கல் தளம் போடப் போகிறீர்களா? ஜல்லிக்கு மெனக்கெடுங்கள்

கேள்வி சுருக்கமாக இது. கொல்லைப்புறக் கதவை ஒட்டி 12 அடி நீளம், 10 அடி அகலத்தில் வெறும் மண் தரை. மழை வந்தால் சேறு, வெயில் வந்தால் புழுதி. வீடு கட்டியபோது மிஞ்சிய செங்கல் ஒரு மூலையில் அடுக்கிக் கிடக்கிறது. சாயங்காலம் நாலு நாற்காலி போட்டு உட்கார ஒரு செங்கல் தளம் வேண்டும். ஆள் வைக்காமல் நாமே போட முடியுமா, அடியில் கான்கிரீட் கட்டாயமா, இருக்கிற செங்கல் போதுமா?

நாமே போடலாம். கான்கிரீட் தேவையில்லை. ஆனால் அந்த மிஞ்சிய செங்கல் தளத்துக்கு உதவாது, காரணத்தைக் கீழே சொல்கிறேன். குனிந்து நிமிர்ந்து வேலை செய்ய இரண்டு பேர் இருந்தால் இந்த அளவுத் தளத்தை மூன்று நான்கு நாளில் முடித்துவிடலாம். அதில் செங்கல் அடுக்குவது ஏறக்குறைய ஒரு நாள்தான். மற்ற நாளெல்லாம் மண்ணுக்குள் புதைந்து யார் கண்ணுக்கும் படாமல் போகிற வேலைக்கே சரியாகிவிடும். தளம் இருபது வருடம் நிற்குமா, இரண்டே மழையில் கோணுமா என்பதை அந்த நாள்கள்தான் முடிவு செய்கின்றன.

முதலில், கான்கிரீட் ஏன் வேண்டாம்? சிமென்ட் தரை ஒரே பலகை. அடியில் மண் கொஞ்சம் இறங்கினாலும் அந்தப் பலகை விரிசல் விடும், விட்ட விரிசலை மறைக்க முடியாது. செங்கல் தளம் அப்படியில்லை. அடியில் இறுக்கிய ஜல்லி, அதன்மேல் ஒரு அங்குல மணல், அதன்மேல் செங்கல், செங்கல்களின் இடுக்கில் நுண்மணல். எதையும் எதோடும் ஒட்டுவதில்லை. ஒரு செங்கலின் மேல் கால் வைத்தால் இடுக்கு மணல் அந்தப் பாரத்தைப் பக்கத்துச் செங்கல்களுக்குக் கடத்துகிறது. எல்லாமாகச் சேர்ந்து தாங்குகின்றன. மண் சற்று அசைந்தால் தளமும் கூடவே அசைந்துகொடுக்கும், உடையாது. ஓர் இடம் பள்ளமானால் அந்தச் செங்கல்களை மட்டும் பிடுங்கி, அடியைச் சரிசெய்து, அதே செங்கல்களைத் திரும்ப வைத்துவிடலாம். நெதர்லாந்தில் பல தெருக்கள் இப்படித்தான் மணல்மேல் செங்கல் பதித்தவை. குழாய் பதிக்கக் கல்லைப் பெயர்த்து, வேலை முடிந்ததும் அதே கல்லை வைத்து மூடிவிடுவார்கள்.

இனி அந்த மிஞ்சிய செங்கல். சுவர்ச் செங்கல் சுவருக்காகச் சுட்டது. அதன்மேல் பூச்சு வரும், வெள்ளை அடிப்போம், மழை நேரடியாக ஊறாது. தரையில் போட்டால் அது நாள் முழுக்க ஈரத்தில் கிடக்கும், நாற்காலிக் கால் உரசும். ஒன்றிரண்டு வருடத்தில் மூலைகள் பொடியும், மேல்தோல் செதில் செதிலாக உரியும். சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். நன்றாகக் காய்ந்த செங்கல் ஒன்றைத் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் முழுக்க வாளித் தண்ணீரில் மூழ்க வையுங்கள். எடுத்து, மேலே துடைத்துவிட்டு மறுபடி நிறுங்கள். 3 கிலோ செங்கல் 3.5 கிலோ ஆனால் தன் எடையில் ஆறில் ஒரு பங்கு தண்ணீரைக் குடித்திருக்கிறது என்று பொருள். தளத்துக்கான செங்கல் 8 சதவீதத்துக்கு மேல் குடிக்கக் கூடாது. அதாவது 3 கிலோ செங்கல் 3.24 கிலோவைத் தாண்டக் கூடாது. குளிரில் தண்ணீர் உறையும் ஊர்களில் இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும். செங்கலுக்குள் இருக்கும் தண்ணீர் அப்படிப் பெருத்தால் செங்கல் உள்ளிருந்தே பிளக்கும்.

தளத்துக்கென்று அதிகச் சூட்டில் வேகவைத்த செங்கலைக் கேட்டு வாங்குங்கள். தட்டினால் கணீரென்று ஒலிக்கும், நடுவில் குழி இருக்காது. சிமென்ட் பேவர் பிளாக்கும் நல்ல பொருள்தான். ஆட்கள் மட்டும் நடக்கும் இடத்துக்கு 60 மி.மீ. கனம் தாராளம், கார் ஏறும் இடத்துக்கு 80 மி.மீ. இரண்டில் எனக்குப் பிடித்தது சுட்ட செங்கல். சிமென்ட் கல்லின் நிறம் கலந்த சாயம், வருடங்கள் போகப் போக மங்கும். செங்கலின் நிறம் மண்ணே வெந்து வந்தது. தேய்ந்தாலும் உள்ளே அதே சிவப்புதான்.

வாங்கும்போது நீளம் அகலத்தின் இரு மடங்காக இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். 8 அங்குலத்துக்கு 4, அல்லது 200 மி.மீ.க்கு 100. இது தப்பினால் பாய்ப்பின்னல் (இரண்டிரண்டு கல்லாகக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி வைப்பது), மீன்முள் (கல்லைச் செங்கோணமாக மாற்றி மாற்றிக் கோப்பது) மாதிரியான வடிவங்கள் பத்து வரிசைக்குள் இழுத்துக்கொண்டு போகும். சிந்துவெளி நகரங்களின் செங்கல்களும் 1:2:4 விகிதத்தில்தான் இருந்தன. உயரம் ஒன்று, அகலம் இரண்டு, நீளம் நான்கு. நாலாயிரம் வருடத்துக்கும் முந்திய கொத்தனார்களுக்கும் செங்கலைத் திருப்பி வைத்தால் சரியாகப் பொருந்த வேண்டும் என்ற அதே தேவைதான் இருந்திருக்கிறது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நெருக்கம் தோன்றும்.

சரி, மண்வெட்டியை எடுப்பதற்கு முன்னால் வாட்டத்தை முடிவு செய்யுங்கள். மழைநீர் வழிந்தோடத் தளத்துக்குக் கொடுக்கும் சரிவைத்தான் கொத்தனார்கள் வாட்டம் என்பார்கள். வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக அடிக்குக் கால் அங்குலம். 10 அடிக்கு 2½ அங்குலம். கண்ணுக்குத் தெரியாது, நாற்காலி ஆடாது, தண்ணீர் மட்டும் நிற்காமல் ஓடும். இதில் பாதிக்குக் கீழே போகாதீர்கள், பள்ளம் பள்ளமாகத் தேங்கும். தளத்தின் மேல்மட்டம் சுவரின் ஈரத்தடுப்பு அடுக்குக்கு (தரை ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கப் போடுவது) 6 அங்குலமாவது கீழே இருக்க வேண்டும். அந்த அடுக்கு எங்கே என்று தெரியாவிட்டால் கதவு நிலைக்கு ஒரு படி கீழே வைத்துக்கொள்ளுங்கள். அறையோடு சமமாக, அழகாக இருக்கட்டும் என்று நிலைப்படி உயரத்துக்குத் தளத்தை ஏற்றினால் பெருமழையில் தண்ணீர் உள்ளே வந்துவிடும்.

கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். மாடியிலிருந்து வரும் குழாய் தளத்தின்மேல் கொட்டினால், ஒவ்வொரு மழைக்கும் இடுக்கு மணலை அரித்துக்கொண்டு போகும். குழாயை நீட்டித் தளத்துக்கு அப்பால் விட்டுவிடுங்கள். அடியில் தண்ணீர்க் குழாய், மின்கம்பி, கழிவுநீர்க் குழாய் எங்கெங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளாமல் கடப்பாரை போடவே கூடாது. பக்கத்தில் பெரிய மரம் இருந்தால் தள்ளிப் போடுங்கள். வேரை வெட்டினால் மரத்துக்குக் கேடு, விட்டால் தளத்துக்குக் கேடு.

பொருள் கணக்கை ஒருமுறை போட்டுக் காட்டுகிறேன், உங்கள் அளவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தளம் 120 சதுர அடி. 8×4 அங்குலச் செங்கல் சதுர அடிக்கு 4½ வீதம் 540. உடைசலுக்கும் வெட்டுக்கும் 10 சதவீதம் சேர்த்து 600 வாங்கலாம். பிறகு ஓரிரண்டு மாற்றவேண்டி வந்தால் அதே நிறம் கிடைக்காது, மிச்சத்தைப் பத்திரப்படுத்துங்கள். குழியைத் தளத்தைவிட அரை அடி அகலமாக வெட்ட வேண்டும். ஜல்லி ஓரத்தையும் தாண்டிப் பரவினால்தான் ஓரச் செங்கலுக்குத் தாங்கல் கிடைக்கும். வீட்டுப் பக்கம் தவிர மற்ற மூன்று பக்கமும் அரை அடி கூட்டினால் 13 அடிக்கு 10½ அடி, ஏறக்குறைய 136 சதுர அடி. ஆழம்: ஜல்லி 6 அங்குலம், மணல் 1, செங்கல் 2½, மொத்தம் 9½. ஜல்லி 68 கன அடி ஆகிறது. ஆனால் இறுக்கினால் அமுங்கும். அதனால் உதிரியாக 85 கன அடி சொல்லுங்கள். மணல் 10 கன அடி, கொஞ்சம் கூடவே இருக்கட்டும். எல்லோரும் மறந்துபோகும் கணக்கு ஒன்று உண்டு. வெட்டி எடுக்கும் மண் 108 கன அடி, அது உதிர்ந்து பெருத்து 135 கன அடி அளவுக்குக் குவியும். அதை எங்கே போடுவது என்று முதல் நாளே இடம் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் ஜல்லி வந்து இறங்க இடம் இருக்காது.

நான்கு மூலையிலும் முளைக்குச்சி அடித்து நூல் கட்டுங்கள். மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க 3-4-5 கணக்கு போதும். ஒரு பக்கம் 3 அடி, மறு பக்கம் 4 அடி குறித்து, இரண்டு புள்ளிக்கும் இடையே 5 அடி வந்தால் மூலை செங்கோணம். பெரிய இடத்தில் 6-8-10 என்று எடுத்தால் இன்னும் துல்லியம். நூலை டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டம் பார்க்கும் குழாய்) வைத்து மட்டம் பார்த்து, வெளிப்பக்கக் குச்சிகளில் 2½ அங்குலம் இறக்கிக் கட்டுங்கள். இந்த நூல்தான் இனி எல்லாவற்றுக்கும் அளவுகோல். குழி, ஜல்லி, மணல் எல்லாமே இந்த நூலிலிருந்து அளந்துதான். எனவே குழியின் அடியும் அதே வாட்டத்தில் இருக்கும். அடியைச் சமமாக வெட்டிவிட்டு மேலே வந்து வாட்டம் கொடுக்கப் பார்ப்பது தப்பு. ஒரு பக்கம் ஜல்லி தடித்து, மறுபக்கம் மெலிந்து போகும்.

வெட்டிய குழியின் அடியை அப்படியே விடாதீர்கள். கறுப்பு நிறத்தில் வேரும் மக்கும் கலந்த மேல்மண் இன்னும் தெரிந்தால் அதையும் அள்ளிவிடுங்கள். மக்கு மக்கிக்கொண்டே இருக்கும், தளம் இறங்கிக்கொண்டே இருக்கும். பிறகு அடிமண்ணையும் இறுக்குங்கள். களிமண்ணாக இருந்தால் அதன்மேல் ஜியோடெக்ஸ்டைல் துணி விரிக்க வேண்டும். இது இல்லாவிட்டால் ஈரக் களிமண் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி ஜல்லிக்குள் புகுந்துவிடும், ஜல்லி உள்ளே இறங்கிவிடும். துணி தண்ணீரை விடும், மண்ணைத் தடுக்கும். இதற்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தாள் விரிக்கச் சொல்பவர்கள் உண்டு. வேண்டாம். தண்ணீர் அதன்மேல் தேங்கி மணலைக் குழம்பாக்கும்.

வீட்டுச் சுவரை ஒட்டிய பகுதியைத் தனியாகச் சொல்ல வேண்டும். நான் போட்ட முதல் தளத்தில் எல்லாம் சரியாகச் செய்ததாகத்தான் நினைத்தேன். முதல் மழைக்காலம் முடிவதற்குள் சுவரோரம் இரண்டடி அகலத்துக்குத் தளம் ஒரு அங்குலத்துக்கு மேல் இறங்கிவிட்டது. வாட்டம் தலைகீழாகி, தண்ணீர் சுவரிலேயே போய் நின்றது. கல்லைப் பெயர்த்துப் பார்த்தேன். செங்கல் சரி, மணல் சரி, ஜல்லியும் சரி. ஆனால் ஜல்லிக்கு அடியில் ஒரு இரும்புக் கம்பியை ஊன்றினால், கையால் அழுத்தும்போதே ஒரு முழம் உள்ளே போனது. வீடு கட்டும்போது அஸ்திவாரத்துக்கு வெட்டிய பள்ளம் அது. கட்டி முடித்ததும் மண்ணைத் தள்ளி மூடியிருக்கிறார்கள், யாரும் இறுக்கவில்லை. நானும் சோதிக்கவில்லை. அந்த இரண்டடியை முழுக்கத் தோண்டி, அடுக்கடுக்காக மண் போட்டுத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கி, மறுபடி போட்ட பிறகு இன்றுவரை அசையவில்லை. அதனால் சொல்கிறேன், குழி வெட்டியதும் சுவரோரமாக அடிக்கு ஓர் இடம் கம்பியை ஊன்றிப் பாருங்கள். மற்ற இடத்தைவிட எளிதாக இறங்கினால் அங்கே இன்னும் ஆழமாக வெட்டி, 3 அங்குலத்துக்கு ஒருமுறை இறுக்கிக்கொண்டே ஏற்றிவாருங்கள்.

இப்போது ஜல்லி. ஒரே அளவு உருண்டைக் கூழாங்கல் வேண்டாம், அது எவ்வளவு தட்டினாலும் உருளும். உடைத்த கல்லாக, முக்கால் அங்குலத்திலிருந்து பொடிவரை எல்லா அளவும் கலந்ததாக இருக்க வேண்டும். பெரிய கல்லின் இடைவெளியைச் சின்னக் கல், சின்னக் கல்லின் இடைவெளியைப் பொடி என்று நிரம்பினால்தான் இறுகும். 6 அங்குலத்தையும் ஒரே தடவையில் கொட்டி மேலே இயந்திரம் ஓட்டினால் மேல் 3 அங்குலம்தான் இறுகும், அடி பொலபொலவென்றே இருக்கும். எனவே இரண்டு அடுக்கு. ஒவ்வொன்றும் இறுகிய பின் 3 அங்குலம்.

ஈரம் முக்கியம். காய்ந்த ஜல்லி இறுகாது, தூசிதான் பறக்கும். தண்ணீர் அதிகமானால் சகதியாகிப் பக்கவாட்டில் பிதுங்கும். ஒரு கை ஜல்லியை அள்ளி இறுக்கிப் பிடியுங்கள். விரலைத் திறந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும், உள்ளங்கையில் தண்ணீர் வடியக் கூடாது. விரலைத் திறந்ததும் உதிர்ந்தால் தெளிப்பானால் தண்ணீர் காட்டுங்கள். கையில் ஈரம் வழிந்தால் கொஞ்ச நேரம் காயவிடுங்கள்.

இறுக்க பிளேட் காம்பாக்டரை (அடித்தட்டு அதிர்ந்து தரையை இறுக்கும் இயந்திரம்) வாடகைக்கு எடுங்கள். திமிசுக்கட்டையாலும் முடியும்தான், ஆனால் 120 சதுர அடியை இரண்டு அடுக்காகக் கையால் இடிப்பது தோளை ஒடிக்கும், கடைசியில் களைத்துப்போய் அரைகுறையாக விட்டுவிடுவோம். சுவரோரத்துக்கும் மூலைக்கும் மட்டும் திமிசுக்கட்டை. இயந்திரத்தை ஒருமுறை நீளவாக்கில், ஒருமுறை குறுக்கில் என்று நாலு தடவையாவது ஓட்டுங்கள். ஆரம்பத்தில் இயந்திரம் ஜல்லிக்குள் மெத்தென்று அமுங்கிக்கொண்டு போகும். இறுக இறுக அதன் சத்தம் மாறும். மொத்தமான ஓசை போய்க் கடகடவென்று துள்ள ஆரம்பிக்கும், பிடித்திருக்கும் கை அதிர்வதிலேயே தெரியும். செருப்புக் குதிகாலால் ஓங்கி மிதித்தால் தடம் பதியக் கூடாது.

பிறகு 8 அடி மட்டப்பலகையை ஜல்லிமேல் வைத்துப் பாருங்கள். பலகைக்கு அடியில் எங்காவது கால் அங்குலத்துக்கு மேல் இடைவெளி தெரிந்தால் அங்கே பொடிஜல்லி தூவி, நனைத்து, இறுக்குங்கள். மேடாக இருந்தால் சுரண்டி எடுங்கள். என் பதிலில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: மட்டமும் வாட்டமும் ஜல்லியிலேயே வந்துவிட வேண்டும். “பரவாயில்லை, மணல் போட்டுச் சரிசெய்துகொள்ளலாம்” என்ற எண்ணம்தான் பெரும்பாலான தளங்களைக் கெடுக்கிறது. ஓர் இடத்தில் மணல் 1 அங்குலம், பக்கத்தில் 2½ அங்குலம் என்றிருந்தால் போட்ட அன்று தளம் கண்ணாடிபோல் இருக்கும். மழையும் நடையும் பட்டதும் தடித்த மணல் அதிகமாக அமுங்கும், மெல்லிய மணல் குறைவாக அமுங்கும். ஜல்லியில் நீங்கள் மறைத்த பள்ளம் அப்படியே செங்கலில் வந்து தெரியும்.

மணல் என்றால் பூச்சு மணல் வேண்டாம். கான்கிரீட்டுக்குப் போடும் சற்றுக் கரடான மணல். கிரஷர் தூசியும் பரப்புவார்கள். அதன் மாவுப்பொடி தண்ணீரை இறங்கவிடாமல் பிடித்துவைக்கும் என்பதால் நான் தவிர்ப்பேன். மணலோடு சிமென்ட் கலப்பதும் வேண்டாம். அது கட்டிதட்டி உடையும், பிறகு பெயர்த்துச் சரிசெய்யும் வசதி போய்விடும், செங்கலிலும் கறை ஏறும்.

பரப்புவது எளிது. வெளி விட்டம் 1 அங்குலம் உள்ள இரண்டு குழாய்களை ஜல்லிமேல் ஆறடி இடைவெளியில் இணையாக வையுங்கள். நடுவே மணலைக் கொட்டி, நேரான பலகையைக் குழாய்கள்மேல் வைத்து அறுப்பதுபோல் முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இழுங்கள். பலகை போன இடத்தில் மணல் விரித்த துணிபோலக் கிடக்கும். குழாயை எடுத்த தடத்தில் மணலைத் தூவிக் கரணையால் தடவிவிடுங்கள். இந்த மணலை இறுக்கக் கூடாது, மிதிக்கவும் கூடாது. செங்கல் வைத்து மேலிருந்து அதிர்வு கொடுக்கும்போதுதான் மணல் இடுக்குக்குள் கொஞ்சம் ஏறிச் செங்கலைக் கவ்விப்பிடிக்கும். அன்று எவ்வளவு கல் வைக்க முடியுமோ அவ்வளவுக்கு மட்டும் மணல் பரப்புங்கள். இரவு மழை வந்தால் பரப்பியதெல்லாம் வீண்.

அடுக்கும்போது சுவரை நம்பாதீர்கள். பெரும்பாலான சுவர்கள் நேராக இருப்பதில்லை. நூலை நம்புங்கள். மூலையில் ஆரம்பித்து, செங்கலைப் பக்கத்துக் கல்லோடு உரசி நேராகக் கீழே இறக்குங்கள். மணலில் வைத்துத் தள்ளினால் மணல் வாரி இடுக்கில் ஏறும். இடுக்கு 2 முதல் 5 மி.மீ. வரை. வைத்த கல்லின்மேலேயே முட்டிபோட்டு முன்னேறுங்கள், மணல் பக்கம் போகாதீர்கள். நாலைந்து வரிசைக்கு ஒருமுறை நூலோடு ஒப்பிட்டுக் கோணலைத் தட்டிச் சரிசெய்யுங்கள். மூன்று நான்கு அடுக்கிலிருந்து மாற்றி மாற்றிக் கல்லை எடுங்கள். சூளைக்குச் சூளை, அடுக்குக்கு அடுக்கு நிறம் மாறும். ஒரே அடுக்கிலிருந்து எடுத்துக்கொண்டே போனால் தளம் திட்டுத்திட்டாகத் தெரியும்.

வடிவம் உங்கள் விருப்பம். சுவரில் அடுக்குவதுபோல் பாதிப்பாதி தள்ளி வைப்பதுதான் முதல்முறை செய்பவருக்குச் சுலபம், வெட்டும் குறைவு. பாய்ப்பின்னல் உட்காரும் இடத்துக்கு அழகு. மீன்முள் வடிவம்தான் எல்லாவற்றிலும் உறுதி. எந்தத் திசையில் தள்ளினாலும் கற்கள் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். வண்டி ஏறும் இடத்துக்கு அதைத் தவிர வேறு எதையும் சொல்லமாட்டேன். சுற்றிலும் ஒரு வரிசை செங்கலைக் குறுக்காக வைத்துக் கரைபோல முடித்தால், நடுவில் என்ன வடிவம் போட்டாலும் அமைப்பாக இருக்கும்.

வெட்டும் வேலைக்கு வைரப்பல் தட்டு மாட்டிய கிரைண்டர். செங்கலை நனைத்து வெட்டுங்கள், கண்ணாடியும் என்95 முகக்கவசமும் கட்டாயம். அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலில் படிந்தால் திரும்ப வெளியே வராது. இரண்டு மூன்று கல்தானே என்று துண்டைக் கட்டிக்கொண்டு வெட்டாதீர்கள். கல்லில் மூன்றில் ஒரு பங்குக்கும் சிறிய துண்டு வைக்க நேர்ந்தால், முந்திய கல்லையும் சேர்த்து இரண்டையும் நடுத்தர அளவாக வெட்டிக்கொள்ளுங்கள். சின்னத் துண்டு நிற்காது, பெயர்ந்துவிடும்.

ஓரக்கட்டு இல்லாத தளம் மெல்ல மெல்ல வெளிப்பக்கம் நகரும். ஓரத்து இடுக்கு விரியும், மணல் கசியும், பிறகு நடுவிலும் தளரும். பிளாஸ்டிக் அல்லது இரும்பு ஓரப்பட்டையை ஜல்லிமேல் வைத்து நீள ஆணி அடிக்கலாம். அல்லது ஓரச் செங்கலை ஒட்டி, கல்லின் பாதி உயரம்வரை கான்கிரீட்டைச் சரிவாக அணைத்துவிடலாம், மேலே மண் மூடிப் புல் வளர்ந்துவிடும். எதுவானாலும் அது உட்காருவது இறுக்கிய ஜல்லிமேல்தான். மணல்மேல் வைத்த ஓரக்கட்டு எதையும் தாங்காது.

எல்லாம் வைத்தபின் மேலே பெருக்கிச் சுத்தம் செய்து, காம்பாக்டரின் அடியில் ரப்பர் விரிப்பு மாட்டி ஓட்டுங்கள். சுட்ட செங்கலின் விளிம்பு இரும்புத் தட்டு பட்டால் சிதறும். முதல் ஓட்டத்தில் கல்கள் ஒரே மட்டத்துக்கு வரும். எங்காவது கல் பிளந்தால் இப்போதே இரண்டு தட்டைத் திருப்புளியைச் செருகித் தூக்கி மாற்றிவிடுங்கள், மணல் நிரப்பியபின் தூக்குவது கடினம். பிறகு நன்றாகக் காய்ந்த நுண்மணலைக் கொட்டித் துடைப்பத்தால் குறுக்கும் நெடுக்குமாகத் தள்ளுங்கள். மறுபடி ஓட்டுங்கள். இடுக்கு மணல் இறங்கும். மறுபடி மணல், மறுபடி ஓட்டம். இடுக்கு மணல் செங்கலின் மேல்மட்டத்துக்கு 3 மி.மீ. கீழே நிற்கும்வரை செய்யுங்கள். ஈர மணல் இடுக்கின் வாயிலேயே அடைத்துக்கொள்ளும், நிரம்பியதுபோல் காட்டும். உள்ளே காலியாக இருக்கும்.

பாலிமர் கலந்த இடுக்கு மணலும் கிடைக்கிறது. நனைத்ததும் இறுகி, எறும்பையும் புல்லையும் ஓரளவு தடுக்கும். போடுவதானால் தளம் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். நனைப்பதற்கு முன் செங்கல்மேல் ஒரு பொடிகூட இல்லாமல் ஊதியெடுங்கள், மிச்சமிருந்தால் வெள்ளைப் படலமாக ஒட்டிக்கொள்ளும். தண்ணீரைப் பீய்ச்சாமல் பனிபோலத் தெளியுங்கள். சாதா மணலே போட்டாலும் குறையில்லை. புல் முளைப்பது பெரும்பாலும் காற்றில் வந்து இடுக்கில் விழும் விதையால்தான், அடியிலிருந்து அல்ல. வாரம் ஒருமுறை பெருக்கினாலே பாதி குறைந்துவிடும்.

முதல் சில மாதம் செங்கல்மேல் வெள்ளை உப்பு பூக்கலாம். பயந்து ஆசிட் ஊற்றாதீர்கள். செங்கலுக்குள் இருந்த உப்பு ஈரத்தோடு மேலே வந்து காய்கிறது. உலர்ந்த துடைப்பத்தால் தேய்த்து எடுத்துவிட்டால் போதும், சில மழையில் தானே நின்றுவிடும். நிழலில் பாசி பிடித்தால் கெட்டித் துடைப்பத்தால் தேயுங்கள். அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சும் இயந்திரம் வேண்டாம், பாசியோடு இடுக்கு மணலும் போய்விடும்.

முதல் மழைக்காலம் முடிந்ததும் ஒருநாள் இடுக்குகளை உற்றுப் பாருங்கள். மணல் இறங்கியிருக்கும், இன்னும் ஒரு வாளி காய்ந்த மணல் பெருக்கி நிரப்புங்கள். மழை பெய்து முடிந்த அரைமணி நேரத்தில் வெளியே போய், தண்ணீர் எங்காவது தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். தேங்கிய இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த பிறகு அந்த வட்டத்துக்குள் இருக்கும் கற்களையும் சுற்றி ஒரு வரிசையையும் தூக்கி, மணலை வழித்து, ஜல்லியைச் சேர்த்து இறுக்கி, ஒரு அங்குலம் மணல் பரப்பி, கற்களைப் பக்கத்து மட்டத்தைவிடக் கால் அங்குலம் தூக்கி வைத்து, மேலே ஒரு பலகை போட்டுச் சுத்தியலால் தட்டி இறக்குங்கள். ஒரு மணி நேர வேலை.